ரீபிரீதருக்கு 2 லிட்டர் சிலிண்டர்: ஆக்ஸிஜனுக்குத் தாராளம், டைல்யூயன்டுக்கு யோசியுங்கள்

ரீபிரீதரில் (வெளிவிட்ட மூச்சைச் சுத்தம் செய்து மறுபடி சுவாசிக்கத் தரும் டைவிங் கருவி) இருந்த 3 லிட்டர் ஸ்டீல் ஜோடியைக் கழற்றிவிட்டு 2 லிட்டர் ஜோடியை மாட்டிப் பார்த்தேன். ஆக்ஸிஜன் பக்கத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டைல்யூயன்ட் (ஆக்ஸிஜனோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும் வாயு) பக்கத்துக்கு நான் 3 லிட்டருக்கே திரும்பிவிட்டேன்.

ஆக்ஸிஜன் கணக்கு சுலபம். உடம்பு செலவழிப்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர், நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் கூடும், மற்றபடி 10 மீட்டரானாலும் 50 மீட்டரானாலும் அதே அளவுதான். 200 பாரில் 2 லிட்டர் சிலிண்டர் 400 லிட்டர் கொள்ளும், இரண்டு மணி நேர டைவுக்குப் பிறகும் பாதிக்கு மேல் மிஞ்சும். பூஸ்டர் (அழுத்தத்தைக் கூட்டி நிரப்பும் பம்ப்) இல்லாத ஊரில் 120 பார்தான் ஏறுகிறதா, சரி, அப்போதும் 240 லிட்டர் இருக்கிறது.

டைல்யூயன்ட் அப்படியில்லை, ஆழம் கூடக்கூட அது தின்னும். மட்டக்களப்புக்கு வெளியே கிடக்கும் ஹெர்மிஸையே எடுத்துக்கொள்ளுங்கள், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். கிடப்பது சுமார் 53 மீட்டரில், அங்கே அழுத்தம் 6.3 பார். மூச்சுச் சுற்று, அதாவது மூச்சுக்காற்று சுற்றிவரும் பாதை, 6 லிட்டர் என்றால் அதை ஒருமுறை முழுசாக மாற்ற 38 லிட்டர் போகும். விங்கையும் (மிதப்பைச் சரிசெய்ய முதுகில் மாட்டும் காற்றுப்பை) இதே சிலிண்டரிலிருந்து ஊதினால், 10 லிட்டர் ஊத 63 லிட்டர். இறங்கும்போது போனது, இரண்டு மூன்று முறை மாற்றியது, மாஸ்க்கில் தண்ணீர் வெளியேற்றியது எல்லாம் சேர்ந்தால் 400 லிட்டர் நெருக்கடிதான். விங்குக்குத் தனிச் சிலிண்டர் வைத்திருப்பவருக்கு 2 லிட்டர் தாராளமாகப் போதும்.

ஆனால் 3 லிட்டர் இருக்கிறதே என்று அதைப் பெயில் அவுட்டாக (ரீபிரீதர் கைவிட்டால் நேரடியாகச் சுவாசித்து மேலே வர வைத்திருக்கும் வாயு) எண்ணவே கூடாது! கார்பன் டை ஆக்சைடு ஏறி மூச்சிரைக்கும்போது நிமிடத்துக்கு 30 லிட்டர் சாதாரணம், அந்த ஆழத்தில் அது 189 லிட்டர், ஆக 600 லிட்டரும் மூன்றே நிமிடம். பக்கத்தில் தொங்கும் 11 லிட்டர் அலுமினியம் சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட 12 நிமிடம் தரும், அதுவும் அடியிலேயே நின்றால். மேலே வரும் வழியில் அழுத்தம் தணிய நின்று நின்று ஏறும் நிறுத்தங்களுக்குத் தேவையானதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் அதை முதலில் இந்தப் பெயில் அவுட் சிலிண்டரில் போடுங்கள். காலியாகும்போது அலுமினியம் மிதக்கத் தொடங்கும், உடம்பில் கட்டும் ஈய எடையை அதற்கேற்ப வையுங்கள்.

2 லிட்டரில் எனக்கு ரொம்பப் பிடித்தது எடை. சிலிண்டருக்குச் சுமார் ஒரு கிலோ குறைகிறது, ஆடும் படகில் முதுகில் மாட்டிக்கொண்டு எழும்போது அது நன்றாகவே தெரிகிறது.  பழையது வாங்கினால் கழுத்தருகே குத்தியிருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியைப் பாருங்கள், ஆக்ஸிஜனுக்கென்று வால்வோடு சேர்த்துச் சுத்தம் செய்யாமல் நிரப்பக் கொடுக்காதீர்கள்.