கீழக்கரைப் பூனைக்கு ராமநாதபுரத்தில் ரத்தப் பரிசோதனை

கீழக்கரையில் மனிதருக்கு ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வருகிறார். பூனைக்கு எடுக்க வேண்டுமென்றால் கூடையில் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எனக்கு இந்த முறை வாய்த்த வேலை அதுதான்.

உம்மா சோறு போட்டு வளர்க்கும் கடுவன், தெருச் சண்டைகளில் பேர் போனவன். ஈறு சிவந்து வாயில் நீர் ஒழுக, சூடை மீனைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனான். முதலில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். வாசலெல்லாம் ஆடுகள். அந்த நெரிசலிலும் மருத்துவர் பொறுமையாக வாயைத் திறந்து பார்த்தார். ஊசி போட்டுவிட்டு, வைரஸ் பரிசோதனைக்கான கிட் இங்கே இல்லை, தனியார் மருத்துவரிடம் கேளுங்கள் என்று நேராகச் சொல்லிவிட்டார். அலைய விடாமல் சொன்னதே பெரிய உதவி.

தனியார் கிளினிக்கில் நாய்களுக்கான கிட் அடுக்கடுக்காக இருந்தது, பூனைக்கானது இல்லை. மதுரையிலிருந்து வரவழைத்தார்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பார்சலில் வந்தாலும் மறுநாள் காலையிலேயே கைக்குக் கிடைத்தது. நாய் கிட் அத்தனையும் பூனைக்கு வீண் என்று நினைக்க வேண்டாம். நாய்க்குட்டியின் பார்வோ வைரஸைக் கண்டுபிடிக்கும் கிட், அதன் நெருங்கிய உறவான பூனையின் பன்லூக்கோபீனியா வைரஸையும் காட்டிக்கொடுக்கும். குட்டி வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு படுத்தால் அதையே பயன்படுத்துவதாக மருத்துவர் சொன்னார்.

கிட் வருவதற்குள் ஒரு கூத்து. ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க, மனிதருக்கான ஓர் ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுத்தோம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் படுபாதாளத்தில் இருப்பதாகத் தாள் வந்தது. டெங்குவைப் பார்த்துப் பழகிய ஊர். உம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. கால்நடை மருத்துவர் அந்தத் தாளை ஓரமாக வைத்தார். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. பூனை ரத்தத்தில் இது அடிக்கடி நடப்பது, கொத்தாக இருப்பதைக் கருவி தனித்தனியாக எண்ணாது. போதாக்குறைக்குப் பூனையின் சிவப்பணுக்கள் சிறியவை. மனித ரத்தத்துக்கென்று அமைத்த கருவி தட்டணுவையும் சிவப்பணுவையும் குழப்பிவிடும். பணம் வாங்குமுன் இதை அந்த ஆய்வகம் சொல்லியிருக்கலாம்.

கிட் முடிவு பத்து நிமிடத்தில் தெரிந்தது. ஒரே அட்டையில் இரண்டு சோதனைகள்: பூனைக்கு ரத்தப் புற்றுநோய் வரவைக்கக்கூடிய லுக்கீமியா வைரஸுக்கு அதன் புரதத்தையே தேடுகிறது, பூனையின் நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி வைரஸுக்கு, அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. முன்னது இல்லை, பின்னது இருந்தது. எஃப்ஐவி பெரும்பாலும் கடி மூலம் பரவுவது என்பதால் எனக்கு வியப்பில்லை. எய்ட்ஸ் வைரஸின் இனம் என்றதும் உம்மா பதறினார். “மனிதருக்கு வராதும்மா, பூனையோடு சரி” என்றார் மருத்துவர். வீட்டிலுள்ள குட்டிகளுக்கும் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். தாய் வழியாக வந்த எதிர்ப்பொருள் இருந்தால் நோயில்லாத குட்டிக்கும் நோய் இருப்பதாக அட்டையில் கோடு விழும், ஆறு மாதம் கழியட்டும் என்று மறுத்துவிட்டார். விற்கத் தெரியாதவர் என்று என் மைத்துனர் சொன்னார். நான் அதற்காகவே அவரிடம் திரும்பப் போவேன்.

தங்கை கர்ப்பமாக இருப்பதால், பூனைக் கழிவிலிருந்து தொற்றிக் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி வரும், பூனைகளை விரட்டுங்கள் என்று அக்கம்பக்கத்தில் ஒரே பேச்சு. அதையும் மருத்துவரிடம் கேட்டேன். பூனையின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் எப்போதோ தொற்றியது என்றுதான் பொருள். இன்று கிருமியை வெளியேற்றுகிறதா என்பதை அது சொல்லாது. பெரும்பாலான பூனைகள் முதல் தொற்றின்போது சில வாரங்கள்தான் வெளியேற்றும். அந்தக் கழிவும் தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாள் ஆகும். ஆகவே தினமும் வேறொருவர் அள்ளிப் போட்டுவிட்டால் போதும், சோதிக்க வேண்டியது தங்கையின் ரத்தத்தை, அதை அவருடைய மகப்பேறு மருத்துவர் பார்ப்பார் என்றார். இறைச்சியை நன்றாக வேகவைக்கவும் சொன்னார். அதைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு குறை: முடிவை யாரும் தாளில் தரவில்லை. கேட்ட பிறகு முத்திரையோடு எழுதிக் கொடுத்தார்கள், கேட்டு வாங்குங்கள். கடுவனுக்குக் கருத்தடை செய்து வீட்டோடு வைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். முற்றம் திறந்த வீட்டில் அது எப்படி என்று நான் யோசிக்கும்போதே, “பழைய மீன்வலை கிடைக்கும் வாப்பா, மேலே கட்டிவிடலாம்” என்றார் உம்மா. ஏர்வாடியில் ஒருவரிடம் வலைக்குச் சொல்லியிருக்கிறோம்.