குரோஷே லேஸுக்குப் பருத்தி நூலா, அக்ரிலிக் நூலா?

சாமி அறை அலமாரியின் விளிம்புக்கும் தேநீர்த் தட்டின் விரிப்புக்கும் குரோஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னலில் லேஸ் பின்ன வேண்டியிருந்தபோது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளில் கிடைக்கும் மெர்சரைஸ் செய்த (காரச் சோடாவில் பதப்படுத்திப் பளபளப்பேற்றிய) பருத்தி நூல், செயற்கை இழையான அக்ரிலிக் நூல் ஆகிய இரண்டில் நான் பருத்தியையே வாங்கினேன். அக்ரிலிக் விலை குறைவு, நிறங்கள் ஏராளம், பின்னும் வேலையும் விரைவில் முடியும். இவற்றில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

லேஸுக்கு மெல்லிய நூல் வேண்டும். பருத்தி நூலில் எண் கூடக்கூட நூல் மெலிந்துகொண்டே போகும். 10ஆம் எண்ணுக்கு ஏறக்குறைய 1.5 மி.மீ. ஊசி போதும், 80ஆம் எண்ணுக்கு 0.75 மி.மீ. அல்லது அதற்கும் சிறியது தேவைப்படும். அக்ரிலிக் பெரும்பாலும் ஸ்வெட்டர் பின்னும் கனத்திலேயே வருகிறது. பருத்தியின் பளபளப்புக்கும் காரணம் உண்டு: 1844இல் ஜான் மெர்சர் கண்டறிந்த காரச் சோடா முறையில், நூலை இழுத்துப் பிடித்தபடி பதப்படுத்தினால் மினுமினுப்பு ஏறுகிறது என்பது 1890 வாக்கில் தெரியவந்தது.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். ஊசியிலிருந்து இறங்கும் லேஸ் சுருண்டும் கோணியும்தான் இருக்கும். அதை நனைத்து, துண்டின் மேல் விரித்து, ஒவ்வொரு முனையையும் இழுத்துக் குண்டூசி குத்தி, கஞ்சி போட்டுக் காயவைத்தால்தான் கட்டங்கள் சதுரமாகவும் விளிம்பின் சிறு வளையங்கள் தனித்தனியாகவும் தெரியும். பருத்தி நீரை உறிஞ்சி, இழுத்த வடிவத்திலேயே காய்ந்து, கஞ்சியையும் பிடித்துக்கொள்கிறது. பின்புறமாகச் சூடான இஸ்திரியும் போடலாம். அக்ரிலிக்கோ நீரை மிகக் குறைவாகவே ஏற்கும். அதை வடிவத்துக்குக் கொண்டுவர வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் சற்று மிஞ்சினாலோ இழை துவண்டு, மீண்டும் சரிசெய்ய முடியாதபடி படிந்துவிடும். விளக்கின் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வெள்ளைப் பருத்தி லேஸைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்தே வெளுக்கலாம் என்பதால், புரட்டாசிக்கு முன் வீட்டைக் கழுவும்போது இந்த வேறுபாடு நன்றாகவே விளங்கும். (எந்த நூலானாலும் விளக்குக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும், பருத்தியும் எரியும், அக்ரிலிக் உருகி ஒட்டிக்கொண்டு எரியும்.)

பருத்திக்கும் ஒரு குறை உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை நம் கடற்கரையில் நிலவும் புழுக்கத்தில், கஞ்சியோடு மடித்துவைத்த லேஸில் பூஞ்சணம் படியும், வெள்ளிப்பூச்சியும் வரும். இந்த ஒன்றில் அக்ரிலிக்கே மேல். எனவே எடுத்துவைப்பதற்கு முன் கஞ்சியை முழுவதும் அலசி, நன்கு உலர்த்தி, பிளாஸ்டிக் பையைத் தவிர்த்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றிவைக்க வேண்டும். மறுபடி விரிக்கும்போது புதிதாகக் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். கூடுதல் வேலைதான்.

பால் குவளையை மூடும் மணி கோத்த வலையைப் பொறுத்தவரை, அக்ரிலிக்கில் பின்னியதை அண்டை வீட்டில் பார்த்திருக்கிறேனே தவிரப் பயன்படுத்தியதில்லை. மணிகளின் கனத்தில் அது தளர்ந்திருந்ததாகவே எனக்குப் பட்டது. வாரந்தோறும் இயந்திரத்தில் சுழலும் குழந்தைப் போர்வைக்கு விளிம்பு கட்டுவதானால் தயங்காமல் அக்ரிலிக் வாங்குவேன். அலமாரி லேஸுக்கு என் தேர்வு 20ஆம் எண் வெள்ளைப் பருத்தி நூல். அதையும் முழு வேலைக்கும் போதுமான அளவு ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது, ஏனெனில் அடுத்த உருண்டையின் வெள்ளை சற்றே மாறியிருந்தாலும் விளிம்பில் அது பளிச்செனத் தெரியும்.