பத்துப் பார்சல், ஒரு கவுண்ட்டர்: நேரம் எந்த வழியில் மிச்சம்?

வீட்டிலிருந்தே இணையத்தில் புடவையும் ஊறுகாயும் கவரிங் நகையும் விற்பவர்கள் தபால் நிலையத்தில் நேரம் வீணாகிறது என்றால் வரிசையைத்தான் திட்டுகிறார்கள். நம் முறை வந்த பிறகு போகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு பார்சலைப் பதிய எடை, பின்கோடு, பெறுபவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், அனுப்புபவரின் விவரம் என்று எல்லாம் கணினியில் ஏற வேண்டும். பத்துப் பார்சல் என்றால் பத்து முறை. இந்தத் தட்டச்சு வேலையை யார் செய்வது என்பதில்தான் ஒவ்வொரு வழியும் வேறுபடுகிறது.

ரெஜிஸ்டர் தபாலா, ஸ்பீடு போஸ்ட்டா என்ற பழைய குழப்பம் இப்போது இல்லை. 2025இல் உள்நாட்டு ரெஜிஸ்டர் தபால் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைந்துவிட்டது.

நேரே கவுண்ட்டருக்குப் போவது முதல் வழி. நாளுக்கு இரண்டு மூன்று பார்சல் அனுப்புபவருக்கு இதுவே போதும். ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும். மாதாமாதம் தவணை கட்டும் சேமிப்பான ஆர்.டி.யில், மாதத்தின் முதல் பாதியில் தொடங்கிய கணக்குகளுக்கு 15ஆம் தேதிக்குள்ளும், மற்றவற்றுக்கு மாதக் கடைசிக்குள்ளும் தவணை கட்டியாக வேண்டும். அந்த நாள்களில் ஏஜெண்டுகள் கட்டுக்கட்டாகப் பாஸ்புத்தகத்துடன் நிற்பார்கள். ஒருவரோ இருவரோ மட்டும் வேலை பார்க்கும் துணை அஞ்சலகத்தில் சேமிப்பும் தபாலும் ஒரே கவுண்ட்டர்தான். உங்கள் பார்சல் அவர்களுக்குப் பின்னால்தான். இன்னொன்று, பை கட்டும் நேரம், அதாவது அன்றைய தபாலைப் பையில் கட்டி வெளியூருக்கு அனுப்பும் நேரம். கூட்டமில்லை என்று கடைசி நேரத்தில் பதிந்தால் கவுண்ட்டரில் அரை மணி மிச்சமாகும். பார்சலோ மறுநாள்தான் ஊரை விட்டுக் கிளம்பும். பை எத்தனை மணிக்குக் கட்டுகிறார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள், கேட்பவர்தான் குறைவு.

பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ரயில் நிலையங்களை ஒட்டிய ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் சேவை) அலுவலகங்கள் உதவும். தபால் பிரிக்கும் இடம் என்பதால் சிலவற்றில் சாதாரண அஞ்சலகம் பூட்டிய பிறகும் ஸ்பீடு போஸ்ட் பதியலாம். பெரிய ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வாய்த்த வசதி இது.

நாளுக்கு ஐந்தாறு பார்சலைத் தாண்டுகிறவர்கள் அஞ்சல் துறையின் இணையப் பதிவுக்கு மாறலாம். விவரங்களை நாமே வீட்டில் ஏற்றிவிட்டால் கவுண்ட்டரில் எடை பார்த்துச் சரிபார்ப்பதுதான் பெரிய வேலை. வாங்கியவர் வாட்ஸாப்பில் அனுப்பிய முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதால் கையெழுத்துப் புரியாமல் பின்கோடு மாறும் சிக்கலும் இல்லை. ஆறாம் இலக்கம் ஒன்று பிசகினால் பார்சல் பக்கத்து ஊரைச் சுற்றிவிட்டு வரும்.

தினமும் இருபது முப்பது என்று அனுப்புபவர் அஞ்சல் துறையுடன் மொத்த வாடிக்கையாளர் ஒப்பந்தம் போடுவதே சரி. முகவரிகளை எக்ஸெல் கோப்பாகக் கொடுத்து, பார்கோடு ஒட்டிய பார்சல்களை ஒப்படைத்துவிட்டு வரலாம். இப்போது அனுப்பி, பிறகு மாத பில்லாகக் கட்டும் ஏற்பாடும் உண்டு. அனுப்பும் அளவைப் பொறுத்துத் தள்ளுபடியும் கிடைக்கும். ஒப்பந்தம் கைக்கு வரும்வரை அலைச்சல் உண்டு. மாதத்துக்கு நாலு ஆர்டர் வருகிறவர் இதில் இறங்குவது வீண் வேலை.

தனியார் கூரியர் கடையில் ரசீது எழுதி வாங்கிக்கொண்டு சட்டென்று வந்துவிடலாம். நகரத்துக்கு நகரம் அனுப்ப அது நல்ல வழிதான். வாங்கியவர் உள்கிராமத்தில் இருந்தால், பக்கத்து டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லும் அழைப்பு அவருக்குப் போகும்; அந்தக் கோபம் உங்களிடம் வரும். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்கள் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

பல கூரியர்களை நமக்கு ஏற்பாடு செய்து தந்து, வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்லும் இடைத்தரகு நிறுவனங்கள் பார்வைக்கு எல்லாரையும் மிஞ்சும். ஒரு தலையணையை எண்ணிப் பாருங்கள்: எடை குறைவு, பெட்டி பெரிது. பெட்டியின் அளவை வைத்து எடை கணக்கிட்டுக் கூடுதல் தொகை பிடித்தால் புகைப்படமும் அளவும் அனுப்பி வாதாட வேண்டும். கவுண்ட்டரில் மிச்சமான நேரம் அங்கே கரையும்.

புத்தகம் விற்பவர்களுக்கு 2025 மே மாதம் வந்த ஞான் போஸ்ட் தனி வழி. 300 கிராம்வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் மெதுவாகத்தான் சேரும், அவசரமில்லாத வாசகருக்குத்தான் சரிப்படும்.

சிங்கப்பூர், மலேசியா என்று அனுப்பத் தொடங்கியவர்கள் அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திரத்தில் பதிந்துகொள்ளலாம். ஏற்றுமதிப் படிவத்தை வீட்டிலேயே இணையத்தில் நிரப்பி, லேபிளை அச்சிட்டு எடுத்துச் செல்லலாம். வியாபாரமாக அனுப்புவதற்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.