21,500 ரூபாய்க்கு பிளைண்ட் ஸ்பாட் கேமரா மாட்டி நான் ஏமாந்த கதை

நடு வேரியன்ட் கார் வாங்கிவிட்டு டாப் வேரியன்ட்டைப் பார்த்து ஏங்குகிற ஆளா நீங்கள்? அப்படியானால் கார் ஆக்சஸரீஸ் கடைப் பக்கம் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பிளைண்ட் ஸ்பாட் என்றால் ஓட்டுகிறவருக்கு எந்த மிரரிலும் தெரியாமல் போகிற பக்கவாட்டு இடம். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பெரியம்மா பையன் ஹூண்டாய் அல்கஸார் கார், டாப் மாடல் எடுத்தான். இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்து ரோடு மீட்டருக்குள்ளேயே வீடியோவாக வந்து நிற்கும். இடப்பக்கம் போட்டால் இடப்பக்கம், வலப்பக்கம் போட்டால் வலப்பக்கம். ஒரு தடவை அவனோடு மகாபலிபுரம் போய்வந்தேன், அவ்வளவுதான், வீட்டுக்கு வந்து என் காரில் உட்கார்ந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி இருந்தது. எனக்குத் தினமும் பெருங்களத்தூரிலிருந்து மறைமலைநகர் வரை ஜிஎஸ்டி சாலை. அங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், பைக், ஷேர் ஆட்டோ, கம்பெனி பஸ் எல்லாம் இடப்பக்கமாகத்தான் முந்தும். பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனதுதான் தப்பு.

செப்டம்பர் மாதம், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ஒரு கடை. "சார், கம்பெனி ஃபிட்டிங் மாதிரியே பண்ணித் தரேன். கப்ளர் டு கப்ளர், ஒரு வயர்கூட கட் பண்ண மாட்டோம், வாரண்டி போகாது" என்றார் கடைக்காரர். அதாவது வயரை வெட்டாமல் பிளக்கோடு பிளக்கைச் சேர்ப்பதாம். இரண்டு சைடு கேமரா, ஒரு ஆண்ட்ராய்டு ஸ்கிரீன், அதோடு "பிளைண்ட் ஸ்பாட் ராடார்", பக்கத்தில் வண்டி வந்தால் பீப் அடிக்குமாம். எல்லாம் சேர்த்து 24,000 சொல்லி 21,500-க்கு இறங்கினார். நான் பேரம் பேசி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே போய் டீ குடித்தேன். அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதை இரண்டு மாதம் கழித்து சர்வீஸ் சென்டரில்தான் பார்த்தேன்.

முதல் நாளே ஒரு கூத்து. இண்டிகேட்டர் போட்டால் அது மினுக்குகிற தாளத்துக்கே ஸ்கிரீனும் கேமரா, மேப், கேமரா, மேப் என்று மாறி மாறி அடித்தது. காரணம், கேமராவை ஆன் செய்கிற கரண்ட்டை நேராக இண்டிகேட்டர் பல்பு வயரிலிருந்து எடுத்திருக்கிறார்கள், அந்த வயரில் கரண்ட் விட்டு விட்டுத்தானே வரும். திரும்பப் போனதும் நடுவில் ஒரு சின்ன டப்பா சேர்த்தார்கள், மினுக்கல் நின்றது. வயரைத் தொடவே மாட்டோம் என்றவர்கள் இண்டிகேட்டர் வயரில் எப்படிக் கை வைத்தார்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அப்புறம் ஒரு விஷயம் புரிந்தது. லீவரைத் தட்டி, படம் வர ஒன்றரை, இரண்டு வினாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். அதுவும் போக, திரும்பலாமா என்று முடிவெடுப்பதற்குத்தான் நாம் பக்கத்தில் பார்க்கிறோம், இது திரும்புகிறேன் என்று அறிவித்த பிறகுதான் பக்கத்தைக் காட்டுகிறது. ராத்திரியில் பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட் பட்டால் ஸ்கிரீன் முழுக்க வெள்ளை. அக்டோபரில் மழை ஆரம்பித்ததும் லென்ஸில் ஒரே ஒரு சொட்டு நின்றால் போதும், பாதி ரோடு காணாமல் போகும். எனக்கு வயது 46, கிட்டப் பார்க்க வாசிப்புக் கண்ணாடி வேண்டும். தூரத்து ரோட்டிலிருந்து கண்ணை எடுத்துக் கைநீளத்தில் இருக்கிற ஸ்கிரீனில் வைத்தால் அது தெளிவதற்கே ஒரு நொடி பிடிக்கிறது. காருக்குள் நடுவில் இருக்கிற மிரரில், அதாவது நடுக் கண்ணாடியில், இந்தத் தொந்தரவு இல்லை, சமதளக் கண்ணாடி என்பதால் பின்னால் தூரத்தில் வருகிற வண்டி கண்ணுக்கும் தூரத்தில் இருப்பது போலவேதான் விழும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு சாயந்திரம், மறைமலைநகர் தாண்டி பெட்ரோல் பங்குக்குள் போக இடது இண்டிகேட்டர் போட்டேன். ஸ்கிரீனில் ஒரு பைக் வருகிறது. வந்து, படத்தில் வலப்பக்கமாக நகர்ந்து ஓரத்துக்குப் போனது. சரி, எனக்குப் பின்னால் குறுக்கே வெட்டி வலப்பக்கம் போய்விட்டான் என்று என் மூளை கணக்குப் போட்டது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். என் இடது கதவுக்குப் பக்கத்திலேயே ஹாரன். பைக்கில் ஒரு ஆள், பின்னால் ஒரு பெண், மடியில் டிபன் கேரியர். அவர் பிரேக் அடித்துக் காலை ஊன்றியதால் எல்லோரும் தப்பித்தோம். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது, திட்டியதில் தப்பும் இல்லை.

அன்று ராத்திரி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, பையனைச் சைக்கிளோடு பின்னாலிருந்து இடப்பக்கமாக வரச் சொன்னேன். சைடு மிரரில் அவன் இடப்பக்க ஓரத்துக்கு நகர்கிறான். ஸ்கிரீனில் அதே பையன் வலப்பக்க ஓரத்துக்கு நகர்கிறான். படம் தலைகீழாக இல்லை, இடம் வலம் மாறியிருக்கிறது! வலது பக்கக் கேமரா சரியாக இருந்தது, இடது மட்டும் இப்படி. இந்த மாதிரிக் கேமராக்களின் வயரில் சின்னதாக ஒரு வளையம் தொங்கும், அதை வெட்டினால் ஒரு மாதிரி, வெட்டாமல் விட்டால் இன்னொரு மாதிரி, கண்ணாடியில் பார்ப்பது போலவோ நேராகவோ படம் வரும். ஒன்றில் வெட்டியவர் இன்னொன்றில் மறந்துவிட்டார். ஐந்து பைசா செலவில்லாத வேலை. மாட்டி முடித்ததும் ஓர் ஆளை வண்டிக்குப் பின்னால் நடக்கவிட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். மூன்று வாரம் ஓட்டியும் எனக்கு உறைக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், என்னவோ இடிக்கிறது என்று தோன்றும், வைட் ஆங்கிள் லென்ஸ் என்றால் இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன்.

ராடாரையும் அன்றே சோதித்தேன். பையன் கிட்டத்தட்ட பம்பரை ஒட்டி வந்தால்தான் பீப். பின் பம்பரில் வட்டமாக ஓட்டை போட்டு, சட்டைப் பொத்தான் மாதிரி இரண்டு சென்சார் வைத்திருந்தார்கள். அது பார்க்கிங் சென்சார், அல்ட்ராசோனிக், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துத் தூரம் பார்ப்பது. மெதுவாக ரிவர்ஸ் எடுக்கும்போது ஒன்றிரண்டு மீட்டரில் சுவர் இருக்கிறதா என்று சொல்வதற்கு நல்ல சாமான். ஓடுகிற ரோட்டில் பக்கத்து லேனைப் பார்க்க அது லாயக்கில்லை. நிஜ ராடாரைப் பம்பருக்குப் பின்னால் மறைத்து வைப்பார்கள், வெளியே ஓட்டையே தெரியாது. ஓட்டை போட டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தாலே அது ராடார் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

எதிர் வீட்டு மாமா அரசு விரைவுப் பேருந்தில் 28 வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை அவரிடம் புலம்பினேன். ஸ்கிரீனைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிரரைப் பார்த்தார்.

"ஏம்பா, உன் பின்கதவு எங்க ஓடிப் போயிடப் போகுது? ரெண்டு மிரர்லயும் பாதிக்குப் பாதி அதைத்தான் வச்சிருக்க."

"பஸ்ல அப்படித்தானே மாமா வச்சிருப்பீங்க?"

"பஸ்ல நடுக் கண்ணாடியில ஜனங்க மூஞ்சிதான் தெரியும், பின்னாடி ரோடு தெரியாது. அதனால எங்களுக்கு வண்டி ஓரம் வேணும். உனக்குத்தான் நடுக் கண்ணாடியிலேயே ரோடு தெரியுதே. அப்புறம் சைடுலயும் எதுக்கு அதே ரோடு?"

21,500 ரூபாய் கொடுத்தபோது எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. பிறகு தேடிப் பார்த்தேன். ஜார்ஜ் பிளாட்ஸர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-லேயே அங்குள்ள வாகனப் பொறியாளர் சங்கத்தில் இதைக் கட்டுரையாகவே கொடுத்திருக்கிறார், நாம் வழக்கமாக வைப்பதைவிட சைடு மிரர்களைச் சுமார் 15 டிகிரி வெளியே தள்ளச் சொல்கிறார். நம் வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு ஏற்ப நான் செய்தது இதுதான். தலையை வலது ஜன்னலில் லேசாக ஒட்டும்வரை சாய்த்துக்கொண்டு, வலது மிரரில் என் காரின் ஓரம் தெரிந்தும் தெரியாமலும் நிற்கும்வரை வெளியே தள்ளினேன். அப்புறம் இடப்பக்கம் சாய்ந்து, ஹேண்ட்பிரேக்குக்கு மேலே தலை வரும்படி வைத்துக்கொண்டு, இடது மிரரிலும் அதையே செய்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் இரண்டிலும் நம் கார் தெரியாது. முதல் நாள் பகீரென்று இருக்கும், ஒரு வாரம் பொறுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது கொஞ்சம் சாய்ந்தால் வண்டி ஓரம் தெரிந்துவிடும்.

மறுபடியும் பையனும் சைக்கிளும். இந்த முறை அவன் நடுக் கண்ணாடியை விட்டு வெளியேறுவதற்கு முன்பே சைடு மிரரில் வந்துவிட்டான், சைடு மிரரை விட்டுப் போகும்போது என் கடைக்கண்ணிலேயே தெரிந்தான். நடுவில் அவன் மறைகிற இடமே இல்லை. எங்கள் ஊர் பைக்குகளை நம்பி இதோடு நிறுத்த முடியாது, திரும்புவதற்கு முன் தலையைத் திருப்பி ஒரு தரம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இத்தனை நாள் கேமராவுக்குக் காசு கொடுத்து நான் நிரப்பப் பார்த்த பள்ளம், என் மிரரை நானே தப்பாக வைத்துத் தோண்டிய பள்ளம்.

கம்பெனியிலிருந்தே வருகிற கேமராவை நான் குறை சொல்லவில்லை. ஹோண்டா சிட்டியில் 2020-லேயே இடது மிரருக்குக் கீழே கேமரா வந்தது, இடப்பக்கம்தான் டிரைவருக்குத் தூரம் என்பதால் அதில் அர்த்தம் இருக்கிறது. டாப் மாடலில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மிரரைச் சரியாக வைத்த பிறகு ஒரு துணைக்கு.

சர்வீஸ் சென்டர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் இடது மிரர் மடங்குவது நின்றுபோனது. கதவின் உட்பக்க மூடியைக் கழற்றினால், உள்ளே மிரர் வயரைச் சீவி, கறுப்பு டேப் சுற்றி, அந்த டேப்பும் மழையில் கழன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. அட்வைசர் போட்டோ எடுத்துக் காட்டி, "வெளியில வயர் கட் பண்ணிட்டாங்க சார், வாரண்டியில வராது" என்றார். மிரர் அசெம்பிளிக்கு 9,800 ரூபாய் கைக்காசு.

கடையில் கேட்டால் எலெக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்லை, வேண்டுமானால் சீட் கவரில் 3,000 கழித்துத் தருகிறோம் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டேன், பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள், முதல் கேள்வி பில் இருக்கிறதா என்பதுதான். என்னிடம் இருந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண் கிடையாது. ஜிஎஸ்டி சாலையில் தப்பித்தவன் ஜிஎஸ்டி பில்லில் மாட்டிக்கொண்டேன். நல்லவேளையாக யுபிஐயில் பணம் கட்டியதும், "வயர் கட் பண்ண மாட்டோம்" என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜும் இருக்கின்றன. இரண்டையும் கொடுத்திருக்கிறேன்.

வலது மிரரில் கேமரா எடுத்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்தேன். ஸ்கிரீன் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது. நேற்று அதே கடையிலிருந்து மெசேஜ், டாஷ்கேமுக்கு ஆஃபர் ஓடுகிறதாம்.