சில்வர்கன்னா, இகருகாவா: முதலில் எதை வாங்குவது?

ஜப்பானிய கேம் ஸ்டூடியோவான ட்ரெஷரின் ஷூட்டர்களில், அதாவது விமானத்தை ஓட்டி எதிரிகளைச் சுடும் கேம்களில், ஒன்றை மட்டும் வாங்கலாம் என்றால் பலரும் இகருகாவைத்தான் கைகாட்டுவார்கள். நான் ரேடியண்ட் சில்வர்கன்னை முதலில் எடுக்கச் சொல்வேன்.

கோனாமி என்ற பெரிய கேம் நிறுவனத்திலிருந்து வெளியே வந்தவர்கள் 1992-இல் தொடங்கிய சின்ன ஸ்டூடியோ ட்ரெஷர். இரண்டு கேம்களையும் இயக்கியவர் ஹிரோஷி இயூச்சி. சில்வர்கன் 1998-இல் ஆர்கேடுக்கும் (கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரம்) அதே ஆண்டில் செகா சாட்டர்ன் என்ற வீட்டு கேம் கருவிக்கும் வந்தது. இகருகா 2001-இல் ஆர்கேடுக்கு வந்தது, மறு ஆண்டு செகாவின் அடுத்த கருவியான ட்ரீம்காஸ்டுக்கு. ஒரே கையில் பிறந்தவை என்று நம்பவே முடியாத அளவுக்கு எதிரெதிரானவை.

சில்வர்கன்னில் ஏழு ஆயுதங்களும் முதல் நொடியிலிருந்தே கையில் இருக்கும். நேராகச் சுடுவது, எதிரியைத் தேடிப் போவது, பின்பக்கம் சுடுவது, இளஞ்சிவப்புத் தோட்டாக்களை உறிஞ்சும் வாள் என்று எல்லாமே மூன்று பட்டன்களில் அடக்கம். எந்த ஆயுதத்தால் பாயிண்ட் எடுக்கிறீர்களோ அதுதான் பலமாகும். கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளினால் பலம் மெதுவாகத்தான் ஏறும். ஒரே நிற எதிரிகளாகப் பார்த்து மூன்று மூன்றாக வீழ்த்த வேண்டும், இல்லையென்றால் பிற்பாடு வரும் பாஸ்களிடம் (ஸ்டேஜில் வரும் பெரிய எதிரிகள்) திண்டாட வேண்டியதுதான். நான் மனம் திறந்து பாராட்டும் இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது: கதையோடு ஆடும் ஸ்டோரி மோடில், தோற்றாலும் ஆயுதங்களின் பலத்தைச் சேமித்து வைக்கலாம். நேற்று தோற்ற இடத்துக்கு இன்று கொஞ்சம் வலுவாகவே போகிறீர்கள். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

இகருகா இதில் எதையும் தராது. விமானம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கும், ஒரு பட்டனில் நிறம் மாறும். தன் நிறத் தோட்டாவை விழுங்கி லேசருக்குச் சக்தி சேர்க்கும், மாற்று நிறம் பட்டால் உயிர் போகும். எதிர் நிற எதிரிக்கு இரு மடங்கு அடி. அவ்வளவுதான் விதி. இதை வைத்தே ஐந்து அத்தியாயங்களை நெய்திருக்கிறார் இயூச்சி, இசையும் அவருடையதே. ஒரு தோட்டாகூடச் சுடாமல் தப்பித்தபடியே முழு கேமையும் முடிக்கலாம் என்றால் வடிவமைப்பு எவ்வளவு துல்லியம் என்று பாருங்கள். அழகில் இகருகாதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்டேஜையும் பாடம்போல மனப்பாடம் செய்யச் சொல்லும். மூன்றாவது அத்தியாயத்தில் பலர் கைவிட்டுவிடுவதும் அதனால்தான்.

திரையையும் கவனியுங்கள். சில்வர்கன் அகலவாக்கில் அமைந்தது, டிவியில் வசதியாக இருக்கும். இகருகா நெடுக்குத் திரைக்காகச் செய்தது, டிவியில் இரு பக்கமும் காலியாகிவிடும். இரண்டுமே இப்போது நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான ஸ்விட்சிலும், கணினிக்கான கேம் கடையான ஸ்டீமிலும் கிடைக்கின்றன. இகருகாவுக்கு ஸ்விட்ச் பதிப்பையே எடுங்கள், கருவியைச் செங்குத்தாகத் திருப்பி வைத்துத் திரை முழுக்க ஆடலாம்.