பழைய ஃபயர் அலாரத்தை மாற்றும்போது எது நல்லது: கன்வென்ஷனலா, அட்ரஸபிளா, வயர்லெஸ்ஸா?

பதினைந்து இருபது வருடத்துக்கு முன் அலாரம் போட்ட பள்ளிகளில் பேனல், அதாவது அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, பெரும்பாலும் ஆபீஸ் ரூம் வாசலிலோ வாட்ச்மேன் அறையிலோ இருக்கும். பல இடங்களில் அதில் மஞ்சள் ‘ஃபால்ட்’ விளக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும். பஸ்ஸர் சத்தம் தாங்காமல் யாரோ சைலன்ஸ் பட்டனை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். தீயணைப்புத் துறைச் சான்றிதழைப் புதுப்பிக்கும் நேரம் வந்தால்தான் மாற்றுவதைப் பற்றிப் பேச்சே எழும். கொட்டேஷன் கேட்டால் மூன்று வழி சொல்வார்கள்: பழைய மாதிரியே புது கன்வென்ஷனல், அட்ரஸபிள், வயர்லெஸ். எல்லோரும் முதலில் பார்ப்பது விலை. நான் முதலில் கேட்பது வேறு: அலாரம் அடித்த முதல் இரண்டு நிமிடத்தில், பேனல் முன்னால் நிற்கிறவருக்கு அது என்ன சொல்லும்?

கன்வென்ஷனல் பேனல் சொல்வது ரொம்பக் கொஞ்சம். கட்டடத்தை ஜோன் என்று சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒரு ஜோனுக்கு ஒரு ஜோடி வயர் போகும், அதன் கடைசியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அந்த வயரில் ஓடும் சிறிய மின்னோட்டத்தை பேனல் கவனித்துக்கொண்டே இருக்கும். மின்னோட்டம் நின்றால் வயர் அறுந்திருக்கிறது, கூடினால் ஏதோ ஒரு டிடெக்டர் புகையைக் கண்டிருக்கிறது. எந்த டிடெக்டர் என்று அதற்குத் தெரியாது. மூன்றாம் ஜோன் என்பது இரண்டாம் மாடி முழுவதும் என்றால், வாட்ச்மேன் ஒவ்வொரு அறையாக ஓடி, கூரையில் எந்த டிடெக்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று தேட வேண்டும். கெமிஸ்ட்ரி லேப் பூட்டியிருக்கும், சாவி ஆசிரியரிடம் இருக்கும். இதற்காகத்தான் பூட்டி வைக்கும் அறைகளின் கதவுக்கு மேலே வெளிப்பக்கம் ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர் என்று ஒரு சின்ன விளக்கு வைப்பார்கள். செலவு மிகக் குறைவு. ஆனாலும் பல பள்ளிகளில் இது இருப்பதில்லை.

அதற்காக கன்வென்ஷனலை ஒதுக்கிவிட முடியாது. ஒரே கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும் என்றால் அது போதும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த உள்ளூர் எலெக்ட்ரீஷியனே கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார்.

நாலைந்து பிளாக், ஹாஸ்டல், லேப், சமையலறை என்று பரந்து கிடக்கும் பள்ளி என்றால் நான் அட்ரஸபிள் பக்கம்தான். ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண். வயர் பேனலில் கிளம்பி எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு பேனலுக்கே திரும்பி வரும். நடுவில் ஓரிடத்தில் அறுந்தாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் இணைப்பு கிடைக்கும். ஷார்ட் ஆனால், ஐசொலேட்டர்கள் அந்தத் துண்டை மட்டும் பிரித்துவிடும். அலாரம் அடித்தால் திரையில் ‘பி பிளாக், 2ஆம் மாடி, கெமிஸ்ட்ரி லேப்’ என்று வரும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. வகுப்பறையில் சாக்பீஸ் தூசு உண்டு, மழைக்காலத்தில் சின்னப் பூச்சிகள் டிடெக்டருக்குள் புகும். பழைய வகை டிடெக்டர் அழுக்கேறி ஒருநாள் திடீரென்று கத்தும். நல்ல அட்ரஸபிள் பேனல் அழுக்கு சேரச் சேர அதற்கேற்பத் தன் அளவைச் சரிசெய்துகொண்டு, ஒரு கட்டத்தில் ‘இதைச் சுத்தம் செய்’ என்று முன்கூட்டியே சொல்லும். பொய் அலாரம் குறைவது சின்ன விஷயம் இல்லை. நாலு தடவை சும்மா அடித்தால் ஐந்தாவது தடவை ஹூட்டர் என்ற சைரனின் வயரையே கழற்றிவிடுவார்கள். பிறகு அதை மாட்டுவதற்கு யாரும் வர மாட்டார்கள். சமையலறையில் மட்டும் எந்த வகையானாலும் புகை டிடெக்டர் வேண்டாம், வெப்ப டிடெக்டர்தான் சரி.

அட்ரஸபிளில் ஏமாறும் இடங்களும் உண்டு. வேலையை அவசரமாக முடிக்கிறவர்கள் அறைப் பெயரைப் பதிவு செய்யாமல் ‘டிவைஸ் 047’ என்று விட்டுப் போவார்கள். அப்படி விட்டால் கொடுத்த கூடுதல் பணம் வீண்தான். சில கம்பெனி பேனல்கள் தங்கள் டிடெக்டரை மட்டுமே ஏற்கும், பாஸ்வேர்டும் அவர்களிடமே இருக்கும். ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் தகராறில் முடிந்தால் பள்ளி மாட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டும் புரோகிராம் ஃபைலும் பள்ளியின் கைக்கு வர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். பல கம்பெனி டிடெக்டர்களை ஏற்கும் ஓப்பன் புரோட்டோகால் பேனல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இடி மின்னலில், பேனலுக்குள் அந்த வயர்ச் சுற்றை இயக்கும் லூப் கார்டு போனால் செலவு கடுமை, அதனால் சர்ஜ் பாதுகாப்பையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

வயர்லெஸ் வெளிநாடுகளில் நன்றாக ஓடுகிறது. நம் பள்ளிகளில் முழுக்க முழுக்க அதைப் போட நான் சொல்ல மாட்டேன். டிடெக்டர் ஒவ்வொன்றிலும் பேட்டரி இருக்கிறது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 54-25 அதற்குக் குறைந்தது 3 ஆண்டு ஆயுள் கேட்கிறது. நூறு டிடெக்டர் என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நூறு இடத்தில் ஏணி போட வேண்டும். தடித்த சுவர் சிக்னலை விழுங்கும், அதனால் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் சிக்னல் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்காகச் செய்த கருவிகளில் பல 868 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இயங்குபவை. இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கும் பட்டை 865-இல் தொடங்கி 868-இலேயே முடிகிறது. வயர்லெஸ் கருவிகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசுப் பிரிவான டபிள்யூபிசியின் ஒப்புதல் சான்றைக் கேட்காமல் வாங்காதீர்கள். துளை போடவே கூடாத பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம் ஒன்று வளாகத்தில் இருந்தால், அதற்கு மட்டும் வயர்லெஸ் போட்டு அட்ரஸபிள் பேனலோடு சேர்த்துவிடலாம்.

பழைய வயரையே பயன்படுத்தலாமா என்பது எல்லாப் பள்ளியிலும் வரும் கேள்வி. டிடெக்டர்களையும் பேனலையும் கழற்றிவிட்டு, வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பாருங்கள். கழற்றாமல் வைத்தால் அவை எரிந்துபோகும். வயர் தேறினாலும், அட்ரஸபிளுக்கு பேனல் வரை திரும்பி வரும் வழியைப் புதிதாக இழுத்தாக வேண்டும். எலி கடித்த பிவிசி வயர் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். கழற்றும் பழைய டிடெக்டரில் கதிர்வீச்சுக் குறி இருந்தால் உள்ளே அமெரிசியம்-241 இருக்கிறது என்று பொருள். அதைக் குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போடக் கூடாது, சப்ளையரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மே மாத விடுமுறைதான் வேலைக்குத் தோதான காலம். புதியது ஓடத் தொடங்கும் வரை பழையதைக் கழற்ற விடாதீர்கள்.

பணம் குறைவாக இருக்கிற பள்ளிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளை இழந்தோம். சமையல் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகலான படியில் பிள்ளைகளால் தப்ப முடியவில்லை. அப்படிப்பட்ட கட்டடத்தில் எந்த அலாரம் இருந்தாலும் அது வெளியேறும் வழிக்கு ஈடாகாது. இரண்டாவது படிக்கட்டு இல்லாமலோ, கேட் பூட்டியோ இருந்தால் முதலில் பணம் அங்கே போகட்டும். அலாரத்துக்கு கன்வென்ஷனலே போதும்.

எதை வாங்கினாலும் கடைசி பில்லைக் கொடுப்பதற்கு முன், பேனலிலிருந்து மிகத் தொலைவில் உள்ள அறையில் டெஸ்ட் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். பேனல் சரியான இடத்தைக் காட்டுகிறதா, கதவை மூடிய வகுப்பிலும் கழிவறையிலும் ஹூட்டர் கேட்கிறதா, அந்தச் சத்தம் பீரியட் மணியிலிருந்து வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் மின்னும் விளக்கும் வேண்டும். பிறகு கரண்டை நிறுத்திவிட்டு, பேட்டரியில் மட்டும் அதே சோதனையை இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள்.