துணிக்கு ஒரு மூலைமட்டம்: பன்னிரண்டரை அங்குலச் சதுர அளவுகோல்

துணித் துண்டுகளை இணைத்துச் செய்யும் போர்வையான குவில்ட்டைத் தைக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது 6 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் கொண்ட அக்ரிலிக் அளவுகோலைத்தான். பட்டை வெட்டுவதற்கு அது போதும். ஆனால் தைத்து முடித்த பிளாக், அதாவது போர்வையில் சேரும் ஒவ்வொரு சதுரத் துண்டும், உண்மையிலேயே சதுரமாக இருக்கிறதா என்பதை அதை வைத்து எளிதில் கண்டுபிடிக்க முடியாது. நான்கு பக்கமும் 12½ அங்குலம் என்று சரியாக வந்த பிறகும் மூலைகள் சாய்ந்திருக்கக்கூடும். கொத்தனார் சுவரின் மூலையில் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல், பிளாக்கின் நான்கு மூலைகளையும் ஒரே பார்வையில் சோதிக்க 12½ அங்குலச் சதுர அளவுகோல் வேண்டும். எட்டு மாதங்களாக இதைப் பயன்படுத்தி, 20 பிளாக்குகள் கொண்ட ஒரு போர்வையின் மேல்துணியை முடித்த பிறகு இதை எழுதுகிறேன்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றால், தேவை. நான்கு பிளாக்குகளையும் அவற்றுக்கிடையே வரும், சாஷிங் எனப்படும் மூன்று துணிப்பட்டைகளையும் ஒரு வரிசையாகச் சேர்த்தால் ஆறு தையல் விழும். ஒவ்வொரு தையலிலும் விளிம்பில் விட வேண்டிய கால் அங்குலத்துக்கு மேல் 1/32 அங்குலம், அதாவது அரைவீசம், கூடுதலாகப் பிடித்தாலே இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு வீசம் போய்விடும். ஆறு தையலில் 3/8 அங்குலம் குறையும். அடுத்த வரிசையும் அதே அளவு குறைந்தாலொழிய, மேல்வரிசையின் பட்டையும் கீழ்வரிசையின் பட்டையும் ஒரே கோட்டில் வராமல் படிக்கட்டுபோல் விலகி நிற்கும். பிளாக்குக்குள் நேரும் பிசகை அச்சுப் பூக்கள் ஓரளவு மறைத்துவிடும். ஒரே நிறத்துச் சாஷிங் எதையும் மறைக்காது. நான் கைத்தறிக் கட்டத்துணியைப் பட்டையாக வைத்திருந்ததால், கட்டத்தின் கோடே ஒவ்வொரு கோணலையும் எடுத்துக் காட்டியது.

அளவுகோலைப் பிளாக்கின் மேல் வைக்கும் முறையில்தான் இதன் பயன் முழுமையாகத் தெரிகிறது. மூலையிலிருந்து மூலைக்குச் செல்லும் 45 பாகைக் கோட்டைப் பிளாக்கின் குறுக்குத் தையலின் மேல் பொருத்தி, நடுப்புள்ளி 6¼ அங்குலத்தில் விழுகிறதா என்று பார்த்து, வலப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் ரோட்டரி கட்டர் என்ற உருளும் வட்டக்கத்தியால் சீராக்க வேண்டும். பிறகு பிளாக்கை அரைச்சுற்றுத் திருப்பி, வெட்டிய இரண்டு விளிம்புகளை 12½ அங்குலக் கோடுகளில் நிறுத்தி, மீதி இரண்டு பக்கங்களையும் வெட்ட வேண்டும். நட்சத்திர வடிவப் பிளாக்கானால், முனைக்கு வெளியே கால் அங்குலம் மிஞ்சுகிறதா என்பதைக் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் வழியே வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதை வாங்கலாம் என்பேன். என்னுடைய 20 பிளாக்குகளில் மூன்று 12⅜ அங்குலமே இருந்தன. அவற்றை இழுத்துப் பிடித்துத் தைக்காமல், எல்லாவற்றையும் 12⅜ அங்குலத்துக்கே குறைத்து, சாஷிங் பட்டைகளையும் அதே நீளத்துக்கு வெட்டினேன். எளிய வடிவம் என்பதால் அது முடிந்தது. முனைகள் கொண்ட பிளாக்கை அப்படி வெட்டக் கூடாது.

பட்டைகளைத் துணியின் கரைக்கு இணையாக, பாவு ஓடும் திசையில் வெட்டுவது நல்லது. ஊடைத் திசையில் வெட்டியவை இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் எளிதாக நீண்டுவிடுகின்றன.

வரிசைகளுக்கு இடையே வரும் நீண்ட பட்டைக்கும் இந்த அளவுகோலே உதவுகிறது. பிளாக் 12 அங்குலமும் சாஷிங் 2 அங்குலமும் தைத்த பின் நிற்க வேண்டுமானால், 54½ அங்குலப் பட்டையின் ஒரு முனையிலிருந்து 12¼, 14¼, 26¼, 28¼, 40¼, 42¼ அங்குலங்களில் தையல்காரச் சாக்பீஸால் சிறு கோடுகள் இட வேண்டும். அந்தக் கோடுகளில் செங்குத்துத் தையல்கள் வந்து நிற்குமாறு இரண்டு பக்கமும் குண்டூசி குத்திய பிறகே தைக்க வேண்டும். பட்டையின் இரு முனைகளை மட்டும் பிடித்து நடுப்பகுதியை இயந்திரத்தின் போக்கில் விடுபவர்களுக்குப் பட்டைகள் நேராக அமையாது. எங்காவது சிறிது தளர்வு மிஞ்சினால், தளர்வுள்ள துணியைக் கீழ்ப்பக்கம் வைத்துத் தைத்தால் இயந்திரத்தின் பற்களே அதை உள்வாங்கிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. அடியில் பிடிமானம் இல்லாததால் அழுத்தி வெட்டும்போது அளவுகோல் வழுக்குகிறது. மணல்தாளில் சிறு வட்டங்கள் வெட்டி நான்கு மூலைகளிலும் ஒட்டிய பிறகே நம்பி வெட்ட முடிந்தது. இருண்ட துணியின் மேல் கறுப்புக் கோடுகள் தெரிவதில்லை. 18 அங்குலத்துக்கு 24 அங்குலம் கட்டிங் மேட் (வெட்டும்போது அடியில் வைக்கும் விரிப்பு) இல்லாமல், சிறிய மேட்டின் மேல் பிளாக்கைத் திருப்பித் திருப்பி வெட்டுவதும் சிரமம்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. காகிதத்தின் மேல் அளவுகோலை வைத்துக் கூரிய பென்சிலால் நான்கு பக்கமும் கோடு போட்டு, அளவுகோலைக் கால்சுற்றுத் திருப்பி அதே கோடுகளின் மேல் வையுங்கள். எல்லா விளிம்பும் கோட்டில் உட்கார வேண்டும். நான் இதற்கு முன் மலிவாக வாங்கிய ஒன்றில் ஒரு பக்கம் பென்சில் கோட்டின் தடிமன் அளவுக்கு வெளியே நின்றது. அதை வைத்து வெட்டிய ஆறு பிளாக்குகளையும் பிரித்து மறுபடி தைக்க நேர்ந்தது. நீள அளவுகோலும் சதுர அளவுகோலும் வேறுவேறு நிறுவனத்தினுடையவை என்றால், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து 12½ அங்குலக் கோடு ஒன்றாக விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 9 அங்குலப் பிளாக்குகளை மட்டுமே தைப்பவர்களுக்கு 9½ அங்குலச் சதுரமே போதும்.